லாபத்தில் முடிந்த படிக்கட்டு

மரப் படிக்கட்டைப் பழுது பார்க்கிறவர்கள் செய்கிற முதல் வீண்செலவு, தேய்ந்த பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் பலகை வாங்குவது. அது தேவையே இல்லை. பழைய தேக்கு மேல்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கும். கழற்றிப் புரட்டிப் போட்டு, இழைப்புளியால் ஒரு தரம் இழைத்துவிட்டால் போதும். இத்தனை வருஷம் யார் காலும் படாத பக்கம் மேலே வந்துவிடும். காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டுப் படிக்கட்டை அப்படித்தான் செய்தேன். கைக்காசு அதிகம் போகவில்லை. வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள்.

ஐயா, இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நேற்று உங்களோடு வந்த இன்ஜினியர் படிக்கட்டைக் கீழே நின்று டேப் வைத்து அளந்துவிட்டு, "எந்த மடையன் கட்டினது இது?" என்று கேட்டார். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் தச்சர் சமியுல்லாவைக் கூட்டிவந்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் அஜாக்கிரதையாக வேலை செய்ததால்தான் என் அக்கா நாகம்மாள் விழுந்து இறந்தாள் என்று வழக்கு எழுதப்போகிறீர்கள். அவர் மனைவி அதியா ஸ்டேஷன் வாசலில் டிபன் டப்பாவோடு நிற்கிறாள். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் போகிற வருகிற போலீஸ்காரர்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த மனிதர் ஜெயிலுக்குப் போகக் கூடாது. அதைவிட முக்கியமானது, அந்தப் படியில் தப்பில்லை. அதைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தவன் நான்.

போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தீர்த்தகிரி என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. சேஃப்டி சார் என்றால் கம்பெனி பஸ் டிரைவர் வரைக்கும் தெரியும். ஷிப்ட் தொடங்குமுன் ஆட்களை வரிசையாக நிறுத்தி வைத்துப் பேசுவது என் வேலை. நேற்று இருந்த மெஷின் இன்றைக்கு நாலு அங்குலம் நகர்ந்திருந்தாலும் அதைச் சொல்லாமல் ஒருவனையும் உள்ளே விடமாட்டேன். பழகிய இடத்தில் மனிதன் கண்ணால் நடப்பதில்லை, காலால் நடக்கிறான். இடம் மாறிவிட்டது என்று அந்தக் காலுக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பழைய இடத்தைத் தேடிக்கொண்டு போகும். நான் இருந்தவரை எங்கள் பிரிவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. அப்பா புளி வியாபாரம் செய்த காலத்து மச்சு வீடு. கீழே கூடம், அறைகள், சமையல்கட்டு. மேலே மரத்தளம் போட்ட மச்சு. அந்தக் காலத்தில் புளி மூட்டை அடுக்கிய இடம். அக்காவின் புருஷன் பெங்களூரில் இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டு போனபின் அப்பா மச்சை அவளுக்கு ஒதுக்கினார். அவள் உயிர் உள்ளவரை அங்கே இருக்கலாம், அவள் சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று பத்திரத்திலும் எழுதிவிட்டுக் கண்ணை மூடினார். அக்கா மேலே தையல் மெஷின் போட்டாள். எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேருக்கு அவள் தைத்த ஜாக்கெட்தான். பிறகு அவளுக்குக் கண்ணில் பிரஷர் வந்தது. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தேன். அப்படியும் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. கடைசியில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும்.

கீழே வந்து எங்களோடு இருந்துகொள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "கீழ வந்தா நான் உங்க வூட்டு விருந்தாளிடா. மேல இருந்தா என் வூட்ல இருக்கறேன்" என்பாள். அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. என்னைப் போல் இல்லை.

கண் போன பின்பும் அந்தப் படிக்கட்டு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காலையில் காபிக்கு இறங்குவாள், சாயங்காலம் ஒரு தரம் வாசல் வரை வருவாள், சாப்பிட்டுவிட்டு ஏறிப் போவாள். ஏறும்போது லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறுவாள். உங்களுக்கும் தெரிந்திருக்கும், படிக்கட்டு கட்டுகிறவர்கள் அப்படி எண்ணித்தான் கட்டுவார்கள். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். எங்கள் வீட்டைக் கட்டியவன் தூங்கிப்போனானோ என்னவோ, கடைசிப் படி நஷ்டத்தில் முடிந்தது. அக்கா உச்சிக்குப் போனதும், "நஷ்டம். வந்து சேந்துட்டேன்டா தம்பி" என்று மேலிருந்து குரல் கொடுப்பாள். அவளுக்கு அது விளையாட்டு.

என் மனைவி மாதேஸ்வரிக்கு அது விளையாட்டு இல்லை. எங்கள் மகள் ஹரிணி ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். வருகிற வரன்காரர்கள் எல்லாம் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சத்தமில்லாமல் இருந்துவிடுவார்கள். "தெனமும் வெளக்கு வெச்ச வூட்ல நஷ்டம் நஷ்டம்னு கூவிக்கினு இருந்தா எங்கிருந்துங்க வெளங்கும்? மொதல்ல அந்தப் படிய மாத்துங்க" என்பாள். படிகளும் ஆடத் தொடங்கியிருந்தன. கைப்பிடியில் கரையான் ஏறியிருந்தது. எப்படியும் கை வைக்க வேண்டிய வேலைதான்.

அந்தச் சமயத்தில்தான் வெங்கட் வந்தான். கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்பிள்ளைகளுக்குத் தங்க இடம் பிடித்துக் கொடுக்கிறவன். வெளியூர்ப் பெண்கள், பஸ் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகும், வாடகை மாதம் தவறாது. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி சார். ஆனா முழு வூடா வேணும். மேல ஒரு பெரியம்மா இருந்தா கம்பெனிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றான். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நானும் மாதேஸ்வரியும் ஓசூரில் ஹரிணி பக்கத்திலேயே ஒரு ஃபிளாட்டில் இருக்கலாம். அக்காவையும் கூட்டிக்கொண்டு போகத்தான் நினைத்தேன். மேலே போய்க் கேட்டேன். அவள் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பை நிறுத்தாமலே, "நான் செத்தப்புறம் வுடுடா. அதுவரைக்கும் பொறுத்துக்கோ" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கப்போவதில்லை. ஆயுசு முழுக்க ஊரார் பிள்ளைகள் கை கால் போகாமல் பார்த்துக்கொண்டவன் நான். கடைசிக் காலத்தில் சொந்த வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்ப எனக்கு உரிமை இல்லை. ஒருத்தி உயிரோடு இருப்பது எனக்கு இடைஞ்சலாக இருந்தது. இதை இவ்வளவு பச்சையாக அப்போது நினைத்தேனா என்றால், இல்லை. அப்போது படிக்கட்டைப் பற்றித்தான் நினைத்தேன்.

எந்த வேலையையும் கோபத்தில் தொடங்கக் கூடாது, முதலில் கவனிக்க வேண்டும். அது கம்பெனி கற்றுக்கொடுத்த பழக்கம். சில நாள் காலையில் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அக்கா எப்படி இறங்குகிறாள் என்று பார்த்தேன். அறை வாசலிலிருந்து அவள் இடது கை சுவரை உரசிக்கொண்டே வரும். வேகமாகத்தான் வருவாள், பார்த்தால் கண் தெரியாதவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். படி தொடங்குகிற இடத்துக்கு வந்ததும் வலது கை நேராகப் போய்க் கைப்பிடிக் கம்பத்தைப் பிடிக்கும். துழாவிப் பிடித்து நான் பார்த்ததில்லை. கம்பத்தைப் பிடித்த பிறகுதான் கால் கீழே இறங்கும். அறையிலிருந்து கம்பம் வரைக்கும் உள்ள தூரமும் அந்தக் கம்பமும்தான் அவளுக்குக் கண். பார்த்தவுடன் எனக்கு அது விளங்கிவிட்டது.

அதன்பின் வீட்டில் சொன்னேன். அக்காவுக்கு முழங்கால் வலி, படிக்கட்டோ செங்குத்தாக இருக்கிறது, அதைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். ஒரு படி கூட்டினால் ஒவ்வொரு படியின் உயரமும் குறையும், ஏறுவது சுலபம். கணக்கும் லாபத்தில் முடியும். மாதேஸ்வரிக்கு வாயெல்லாம் பல். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பார்கள். மூன்றாவது மாங்காய் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வேலை நடக்கும்போது தூசி ஆகாது என்று அக்காவைக் குருபரப்பள்ளிக்கு, சித்தி மகள் நாராயணம்மா வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். சமியுல்லா வந்தார். ஓசூர்க் கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின் வருகிற பெட்டிகளின் மரத்தைப் பழைய சாமான் கடைகளில் எடைக்குப் போடுவார்கள். அதில் நல்ல கட்டைகளாகப் பார்த்து எடுத்துவந்து, படிகளுக்கு நடுவில் அடைக்கும் பலகைக்கும் கூடுதல் படிக்கும் வைத்துக்கொண்டேன். சமியுல்லா முதலில் முகத்தைச் சுளித்தார். "பெட்டி மரம் தேக்கோட ஒட்டாதுங்க சார். பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றார். "ஒட்ட வேணாம் பாய், தாங்கினா போதும்" என்றேன். தாங்குகிறது. மேலேறிக் குதித்துப் பார்த்திருக்கிறேன்.

படி ஒன்று கூடினால் படிக்கட்டு ஓர் அடி நீளும். அது எங்கே நீள்வது என்று ஒரு பேச்சு வந்தது. "கீழ்ப்பக்கம் நீட்டிக்கலாம் சார். பீரோவ அந்தாண்ட தள்ளினா போதும், வேலையும் கம்மி" என்றார் சமியுல்லா. கீழே நீட்டினால் சமையல்கட்டு வாசலை மறிக்கும் என்றேன். மறிக்காது. நேற்று உங்கள் இன்ஜினியர் டேப் வைத்து அளந்தாரே, அதைக் கவனிக்காமல் மடையன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வரைந்து கொடுத்தபடி சமியுல்லா மேலே மரத்தளத்தில் ஓர் அடி அறுத்து எடுத்தார். படி தொடங்குகிற இடம் அக்காவின் அறைப் பக்கமாக ஓர் அடி தள்ளிப் போனது. அதற்குத் தக்கபடி எல்லாப் படியும் சாய்ந்து உட்கார்ந்தது. மாதேஸ்வரி ஒரு தரம் லாபம் நஷ்டம் சொல்லிக்கொண்டே ஏறிப் பார்த்தாள். உச்சியில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் கண்ணுக்கு லாபம் மட்டும்தான் தெரிந்தது, பாவம்.

கைப்பிடியையும் கம்பத்தையும் கழற்றிவிட்டோம். கரையான் இருந்தது என்று சொன்னேன் அல்லவா, அது உண்மைதான். மரத்தில் செய்தால் செலவு பிடிக்கும், இரும்புக் குழாயில் போட்டுக்கொள்ளலாம், அடுத்த வாரம் வெல்டிங்காரர் வருவார் என்று சமியுல்லாவிடம் சொன்னேன். வெல்டிங்காரர் யாரிடமும் நான் பேசவில்லை. கைப்பிடி வருகிறவரைக்கும் இருக்கட்டும் என்று சமியுல்லா தாமாகவே ஒரு நைலான் கயிற்றைப் படிக்கட்டின் மேல்முனையில் இடுப்பு உயரத்துக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினார். "அம்மாவ ஒருதரம் கையப் புடிச்சி ஏத்தி எறக்கிப் பழக்கணும் சார். நான் வேணா ஒருநா வந்துட்டுப் போறேன்" என்றார். "கம்பெனில நான் செஞ்ச வேலையே அதான பாய்" என்றேன். ஆமாம்ல என்று சிரித்துக்கொண்டே ஆயுதப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

எல்லாப் படியின் விளிம்பிலும் மஞ்சள் பெயின்ட் அடித்தேன். கம்பெனியில் அப்படித்தான் அடிப்போம்; கால் தவறாமல் இருக்கும். கூடுதல் படிக்கு இரண்டு கோட்டிங். போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் போட்டோவைத்தான் முதல் நாள் உங்களிடம் காட்டினேன். நீங்களும், "எச்சரிக்கையாத்தான் இருந்திருக்கீங்க" என்றீர்கள். மஞ்சளாக இருந்தாலும் கறுப்பாக இருந்தாலும் அக்காவுக்கு ஒன்றுதான் என்று உங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று நான் வீட்டுக்குப் போய் வெகுநேரம் யோசித்தேன்.

குருபரப்பள்ளியிலிருந்து அக்கா போன் செய்தாள். அங்கே முழங்கால் வீங்கி, நாராயணம்மா தைலம் போட்டுவிடுகிறாளாம். "படி என்னடா ஆச்சி?" என்று கேட்டாள். வேலை முடிந்தது, வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். "என்னென்ன மாத்தினீங்க? எனக்குச் சொல்லு, அப்புறம் நான் தடுமாறக் கூடாது." அவள் எவ்வளவு சரியாகக் கேட்டாள் பாருங்கள். கம்பெனியில் ஓர் ஆள் இப்படிக் கேட்டிருந்தால் எல்லார் முன்பாகவும் நிறுத்திக் கைதட்டச் சொல்லியிருப்பேன். "எல்லாம் பழைய மாதிரியேதான்க்கா. பலகையப் பொரட்டிப் போட்டிருக்கறோம், அவ்ளோதான்" என்றேன். "கம்பம்?" என்றாள். "அங்கியேதான் இருக்குது" என்றேன்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. போனை வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனேன். ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. நடந்து ஏறினால் அவள் எண்ணிக்கொண்டே ஏறுவாள். உச்சியில் ஒரு படி மிஞ்சும், உடனே தெரிந்துவிடும். அதனால் காரில் வந்து இறங்கியதும் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். பக்கத்து டீக்கடைக் கரியப்பன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். "எனக்கு நடக்கத் தெரியும்டா" என்று அக்கா கூச்சப்பட்டாள். கால் வீங்கியிருக்கிறது, பேசாமல் உட்கார் என்று அதட்டினேன். தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். "தம்பின்னா இப்பிடி இருக்கணும்" என்று ஒரு பெண்மணி சொன்னது எனக்கும் கேட்டது, அக்காவுக்கும் கேட்டது. அக்காவின் முகத்தில் அப்படியொரு பெருமை. பழக்க தோஷத்தில் லாபம், நஷ்டம் என்று தொடங்கினாள். ஆனால் இரண்டு பேர் தூக்கிப் போகும்போது எது படி, எது அசைவு என்று எப்படித் தெரியும்? பாதியில் விட்டுவிட்டாள்.

நாற்காலி போவதற்குக் கயிறு இடித்தது. அவிழ்த்தேன். கரியப்பன் பார்த்தார், கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பக் கட்டவில்லை. அன்று சாயங்காலமே அதைக் கொல்லையில் துணி காயப்போடக் கட்டினேன். என் வேட்டியும் மாதேஸ்வரியின் புடவையும் இப்போதும் அதில்தான் காய்கிறது. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொண்டு வரலாம். கயிறு கட்டினேன், கயிறு கட்டினேன் என்று சமியுல்லா நேற்றிலிருந்து உங்களிடம் அழுகிறாரே, அது உண்மை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை நானே மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா களி உருண்டையைக் கீரைக் குழம்பில் தொட்டு விழுங்கிக்கொண்டே நாராயணம்மா வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள். சொல்லிவிடலாம் என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. ஒரே ஒரு வாக்கியம்தான். "படி இப்ப ஆடுதாடா?" என்று அவளே கேட்டாள். "இல்லக்கா, கல்லாட்டம் இருக்குது" என்றேன். அதுவும் உண்மைதான். தட்டை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

மாதேஸ்வரியை மறுநாள் விடிந்ததும் ஹரிணியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்து காபி போட்டேன். அக்காவுக்குச் சர்க்கரை குறைவாக, சூடு அதிகமாக வேண்டும். அவள் டம்ளரைக் கூடத்து மேஜையில் வைத்துவிட்டு, எப்போதும் கூப்பிடுவதுபோல், "அக்கா, காபி ஆறுது" என்று குரல் கொடுத்தேன்.

"தோ வர்றேன்" என்றாள்.

சுவரில் கை உரசுகிற சத்தம் கேட்டது. முழங்கால் வீக்கம் வடிந்திருக்க வேண்டும், பழைய வேகத்தில்தான் வந்தாள். வலது கை கம்பத்துக்காக நீண்டதைப் பார்த்தேன். கம்பம் இருந்திருந்தாலும் கைக்கு எட்டியிருக்காது. அதற்கு ஓர் அடி முன்னாலேயே தளம் முடிந்துபோயிருந்தது. அவள் கத்தவில்லை. கத்தியதாக முதல் நாள் உங்களிடம் நான் சொன்னது தப்பு, அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

விழுந்தவர்களை அசைக்கக் கூடாது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அசைக்கவில்லை. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கூப்பிடவில்லை. போன் சட்டைப் பையில்தான் இருந்தது. கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என் அனுபவத்தில் சொல்கிறேன், பிழைத்திருப்பாள். அதனால்தான் கூப்பிடவில்லை.

துக்கம் கேட்க வெங்கட் வந்தான். மாலையைப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மச்சை ஒருதரம் பார்த்துவிடலாமா சார் என்று மெதுவாகக் கேட்டான். மேலே போய் எத்தனை கட்டில் போடலாம் என்று காலடி வைத்து அளந்தான். செல்போனில் பேசிக்கொண்டே இறங்கி வந்தான். எங்கேயும் தடுமாறவில்லை. இதைத்தான் நான் அந்த இன்ஜினியரிடம் சொல்ல நினைத்தேன். சாய்வு சரி, அகலம் சரி, பலகை சரி. கண் தெரிகிற யாரும் அதில் ஏறி இறங்கலாம். கண் தெரியாதவளும் ஏறி இறங்கியிருப்பாள், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். சொல்லக் கூடாது என்று முடிவு செய்துதான் அந்தப் படியைச் சேர்த்தேன். அக்காவைக் கொன்றது நான். சமியுல்லாவை எழுப்பி வீட்டுக்கு அனுப்புங்கள். அந்தப் பெண் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை, மாதேஸ்வரியிடம்கூட.

அக்கா உடனே போய்விடவில்லை. நான் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். காலடிச் சத்தம் கேட்டு, "தம்பி" என்றாள். இங்கேதான் இருக்கிறேன் என்றேன். பேச்சு விட்டு விட்டுத்தான் வந்தது. "படில எங்கியோ தப்பு இருக்குதுடா. மேல ஒரு எடத்துல பலகையே இல்ல. நீ ஏறாத. மாதேஸ்வரியையும் ஏற வுடாத. பாய் வந்து சரி பண்றவரைக்கும் யாரும் ஏறாதீங்க" என்றாள். சரிக்கா என்றேன். கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். "நீ பயந்துக்காத. எனக்கு ஒண்ணும் வலிக்கல" என்றாள். அதன்பின் பேசவில்லை. கை சில்லிட்டுப் போகிறவரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து முகம் கழுவிக்கொண்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

என்மேல் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை ஐயா. சாகிற நேரத்திலும் ஓர் அக்கா தன் தம்பியை அப்படி நம்பினாள் என்றால், அவளை நான் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.